பிறந்த குழந்தையின் எடையை எப்படிப் படிப்பது: தாயின் வயது, எத்தனையாவது பிரசவம், வாரக் கணக்கு

பிரசவ அறைப் பதிவேட்டில் 2,380 கிராம் என்று ஒரு எடை எழுதியிருக்கிறது. 2,500 கிராமுக்குக் கீழே இருப்பதால் அது எடைக்குறைவுக் கணக்கில் சேரும். ஆனால் ஏன் குறைந்தது, அந்தத் தாயை அடுத்த முறை எப்படிக் கவனிப்பது என்பதற்கு அந்த எண் மட்டும் போதாது. எத்தனை வாரத்தில் பிறந்தது, தலைப்பிரசவமா, முந்தைய குழந்தைக்கும் இதற்கும் இடைவெளி எவ்வளவு, கடைசியாகத் தாயின் வயது என்ன என்று இதே வரிசையில் கேட்க வேண்டும். "சின்னப் பொண்ணு, அதான் குழந்தை சின்னதா இருக்கு" என்று வயதிலேயே தொடங்கி வயதிலேயே முடித்துவிடுகிறவர்கள், சரிசெய்யக்கூடிய காரணத்தைக் கண்ணுக்கு முன்னால் தவறவிடுகிறார்கள்.

கடலூர் மாவட்டத்துக் கிராம சுகாதார செவிலியருக்கும், புதுச்சேரியில் ஆய்வேட்டுக்காகப் பதிவேடு புரட்டும் நர்சிங் மாணவிக்கும், மருமகளின் அட்டையை வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்கும் மாமியாருக்கும் இதே வரிசைதான்.

எடை எண்ணை நம்பலாமா

பிறந்தவுடன் குழந்தையைத் துடைத்து, தாயின் மார்மேல் போட்டு, முதல் தாய்ப்பால் கொடுத்த பிறகு எடை பார்க்கலாம். ஆனால் அன்றே, முதல் சில மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். முதல் சில நாட்களில் குழந்தை தன் எடையில் 10 சதவீதம் வரை இழக்கும் என்பதால், மூன்றாம் நாள் பார்த்த எடையைப் பிறப்பு எடை என்று எழுதினால் 2,600 கிராம் குழந்தை 2,400 ஆகிவிடும். வீட்டிலோ வண்டியிலோ பிறந்து பிறகு மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளின் பதிவில் இந்தத் தவறு சகஜம். அப்படிப்பட்ட எடைக்கு எதிரே எந்த மணி நேரத்தில் பார்த்தது என்று எழுதிவையுங்கள்.

டிஜிட்டல் தராசை ஆடாத, சமமான மேசையில் வைக்க வேண்டும். துணியைப் போட்டுப் பூஜ்யம் ஆக்கிய பிறகே குழந்தையை வைக்க வேண்டும். மின்விசிறிக் காற்று நேராகத் தட்டில் அடித்தால் எண் நிற்காமல் ஓடும். வாரம் ஒரு முறை முத்திரையிட்ட 1 கிலோ, 2 கிலோ எடைக்கற்களை வைத்துச் சரிபாருங்கள். 20 கிராமுக்கு மேல் பிசகினால் தராசைப் பழுதுபார்க்கக் கொடுப்பதுதான் வழி. மனக்கணக்கில் கூட்டிக் கழிக்கக் கூடாது.

பதிவேட்டின் ஒரு வருடத்தைப் புரட்டிப் பாருங்கள். 2,500, 3,000 என்ற எண்கள் குவிந்து கிடந்து, 2,440, 2,470 போன்றவை அரிதாக இருந்தால் யாரோ முழு எண்ணுக்கு ஏற்றி எழுதியிருக்கிறார்கள். 2,500 என்ற கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில்தான் நம் கேள்வியே இருக்கிறது. அந்த இடத்திலேயே எண் உருண்டையாகிவிட்டால் பிறகு எந்தக் கணக்குப் போட்டும் பயனில்லை.

வாரம் தெரியாமல் எடை தெரியாது

34 வாரத்தில் பிறந்த 2,200 கிராம் குழந்தை தன் வாரத்துக்குச் சரியாக வளர்ந்த குழந்தை. சீக்கிரம் வந்துவிட்டது, அவ்வளவுதான். 40 வாரத்தில் பிறந்த 2,300 கிராம் குழந்தை வயிற்றுக்குள்ளேயே வளர்ச்சி குன்றியது. இரண்டையும் பதிவேடு ஒரே பத்தியில் போடும். முதலாவதற்குக் குறைப்பிரசவம் ஏன் வந்தது என்று தேட வேண்டும். இரண்டாவதற்குத் தாயின் ரத்த அழுத்தம், ரத்தசோகை, நஞ்சுக்கொடியின் ரத்த ஓட்டம், சாப்பாடு என்று தேட வேண்டும். 37 வாரம் முடியாமல் பிறந்தால் குறைப்பிரசவம்.

வாரம் தப்பாவதற்கு முக்கியக் காரணம் கடைசி மாதவிலக்குத் தேதி. பலர் நாள் தள்ளிப்போன தேதியைச் சொல்வார்கள். கடைசியாக மாதவிலக்கு வந்த முதல் நாளைச் சொல்ல மாட்டார்கள். நான்கு வாரம் அங்கேயே காணாமல் போகும். தேதி நினைவில்லை என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த நாட்களை வைத்துக் கேளுங்கள். தேவனாம்பட்டினத்திலோ வைத்திக்குப்பத்திலோ மாசி மகத் தீர்த்தவாரி நடந்தபோது விலக்கு வந்திருந்ததா? சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனத்துக்குப் போனபோது? மீனவர் குடியிருப்புகளில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம் இன்னும் நல்ல அடையாளம்; போட்டை நிறுத்துவதற்கு முன்பா பின்பா என்று கேட்டால் பதில் உடனே வரும். இப்படிப் பிடித்த தேதியையும் முதல் மூன்று மாத ஸ்கேனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு வாரத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஸ்கேன் கணக்கை எடுத்துக்கொள்வதே வழக்கம். ஒன்பதாம் மாதத்தில் முதல் முறையாக எடுத்த ஸ்கேனை வைத்து வாரத்தைத் திருத்தக் கூடாது. குழந்தை சின்னதாக இருந்தால் அந்த ஸ்கேன் வாரத்தையே குறைத்துக் காட்டும். வளர்ச்சிக் குறைவு அதற்குள் ஒளிந்துகொள்ளும்.

தலைச்சன் ஏன் லேசு

ஒரே தாய்க்கு, ஒரே வாரத்தில் பிறந்தாலும் முதல் குழந்தை அடுத்ததைவிடச் சராசரியாக 100 முதல் 200 கிராம் வரை குறைவாக இருக்கும். முதல் கர்ப்பத்தில்தான் கருப்பையின் சுருள் தமனிகள் முதல் தடவையாக விரிந்து நஞ்சுக்கொடிக்கு வழிவிடுகின்றன. ஒரு முறை விரிந்த குழாய்கள் முழுக்கப் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. அதனால் இரண்டாவது கர்ப்பத்தில் ரத்த ஓட்டம் ஆரம்பத்திலிருந்தே சுலபமாகிறது. கர்ப்பகால ரத்த அழுத்தமும் தலைப்பிரசவத்தில்தான் அதிகம் வருகிறது. அது குழந்தைக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும்.

பெரிய ஏற்றம் முதல் குழந்தைக்கும் இரண்டாவதற்கும் இடையில்தான். அதன் பிறகு கூடுவது சொற்பம். நான்கு, ஐந்து என்று போகும்போது ரத்தசோகை, இடைவெளிக் குறைவு, சர்க்கரை, வயது எல்லாம் சேர்ந்துகொள்வதால் "பிரசவம் கூடக்கூட எடை கூடும்" என்ற விதி அங்கே உதவாது.

இதிலிருந்து ஒரு நடைமுறைச் சோதனை கிடைக்கிறது. இரண்டாவது குழந்தை, அதே வாரத்தில் பிறந்தும், முதல் குழந்தையைவிட எடை குறைந்திருந்தால் அதைச் சும்மா விடக் கூடாது. ஏறியிருக்க வேண்டிய இடத்தில் இறங்கியிருக்கிறது. இடைவெளி, ஹீமோகுளோபின், ரத்த அழுத்தம் மூன்றையும் பாருங்கள். ஆண் குழந்தைகள் சராசரியாகச் சுமார் 100 கிராம் கூடுதல் என்பதால், மூத்தது பையன் இளையது பெண் என்றால் சின்ன வித்தியாசத்துக்குப் பதற வேண்டாம்.

எத்தனையாவது பிரசவம் என்பதை எண்ணுவதிலும் தடுமாற்றம் உண்டு. அட்டையில் ஜி என்பது மொத்தக் கர்ப்பம், பி என்பது பிரசவம், ஏ என்பது கலைந்தது, எல் என்பது உயிரோடு இருக்கும் பிள்ளைகள். ஜி3 பி1 ஏ1 எல்1 என்றால் இது மூன்றாவது கர்ப்பம், இதற்கு முன் ஒரே ஒரு பிரசவம். இரட்டைக் குழந்தை பெற்றாலும் பிரசவம் ஒன்றுதான். "எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டால் எல் மட்டும்தான் கிடைக்கும், இறந்து பிறந்ததும், கலைந்ததும், முந்தைய திருமணத்துப் பிள்ளையும் அந்தப் பதிலில் வராது. "இதோட சேத்து எத்தனை தடவ மாசமா இருந்தீங்க?" என்று கேளுங்கள். கூட வந்தவர்களை வெளியே உட்காரவைத்துவிட்டுக் கேளுங்கள்.

வயது எங்கே நுழைகிறது

இருபதுகளின் பெரும்பகுதியிலும் முப்பதுகளின் தொடக்கத்திலும் வயது தனியாகப் பெரிய வித்தியாசம் செய்வதில்லை. இரண்டு ஓரங்களில்தான் எடைக்குறைவு கூடுகிறது.

19 வயதுக்குட்பட்டவர்களின் உடல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கலாம். தாயும் குழந்தையும் ஒரே சாப்பாட்டுக்குப் போட்டி. ரத்தசோகையும் எடைக் குறைவும் இந்த வயதில் அதிகம். பதிவும் தாமதம். இதில் தாமதத்துக்கு ஒரு வெளிப்படையான காரணம் உண்டு. வயது 18க்குக் குறைவு என்றால் வழக்கு வரும் என்ற பயத்தில் குடும்பம் மருத்துவமனைக்கே தாமதமாக வரும், வந்தாலும் வயதைக் கூட்டிச் சொல்லும். அதனால் பதிவேட்டில் 19, 20 என்று எழுதிய வயதுகளில் கொஞ்சம் உப்பல் இருக்கும். ஆதாரில் பிறந்த வருடம் மட்டும் இருப்பவர்களும் உண்டு. பள்ளிச் சான்றிதழ் இருந்தால் அதைப் பாருங்கள்; வயதைப் பிரசவத் தேதியன்று நிறைவடைந்த வருடமாக எழுதுங்கள்.

35க்கு மேல் கதை வேறு. இங்கே எடை இரு பக்கமும் விலகும். ரத்த அழுத்தமும் நஞ்சுக்கொடிக் குறையும் குறைப்பிரசவத்தையும் சின்னக் குழந்தையையும் தரும். கட்டுப்படாத சர்க்கரை 4 கிலோவைத் தாண்டிய குழந்தையைத் தரும். சராசரியை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்து "ஒன்றும் பிரச்சினை இல்லை" என்று காட்டும்.

வயதையும் பிரசவ எண்ணிக்கையையும் ஜோடியாகப் பார்க்கும்போதுதான் விஷயம் தெளிவாகிறது. 36 வயதில் தலைப்பிரசவம் என்பது தலைச்சனின் லேசும் வயதின் ரத்த அழுத்தமும் சேர்ந்த நிலை. அதே 36 வயதில் மூன்றாவது பிரசவம் என்றால் எடைக்குறைவைவிட சர்க்கரையும் பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கும் முன்னால் நிற்கும். 19 வயதில் இரண்டாவது பிரசவம் என்றால் "ரெண்டாவதுதானே, சுலபம்" என்று அட்டையை ஓரத்தில் வைப்பார்கள். உண்மையில் அங்கே இளவயதும் குறுகிய இடைவெளியும் ஒன்றாக இருக்கின்றன. எங்கள் கணிப்பில் களத்தில் அதிகம் தவறவிடப்படும் ஜோடி இதுதான்.

இடைவெளியைச் சரியாக எண்ணுங்கள்

உயிரோடு பிறந்த குழந்தைக்குப் பிறகு அடுத்த கர்ப்பம் தரிக்கக் குறைந்தது 24 மாதம் இருக்கட்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கரு கலைந்தால் குறைந்தது 6 மாதம். இது பிரசவத்திலிருந்து கருத்தரிப்பு வரை. பிரசவத்திலிருந்து பிரசவம் வரை அல்ல. அடுத்த குழந்தை பிறக்கும்போது மூத்தவனுக்கு இரண்டு வயது என்றால் இடைவெளி 24 மாதம் இல்லை, 15 மாதம்தான். மூத்த பிள்ளைக்கு இரண்டே முக்கால் வயது ஆகும்போது அடுத்தது பிறந்தால்தான் கணக்கு நேராகும். 18 மாதத்துக்குக் குறைந்தால் குறைப்பிரசவமும் எடைக்குறைவும் கூடுகின்றன. தாயின் இரும்பும் ஃபோலேட்டும் முன்பிருந்த நிலைக்கு வருவதற்குள் அடுத்தது தொடங்கிவிடுகிறது.

பதிவேட்டிலிருந்து அட்டவணை போடுகிறவர்களுக்கு

ஒவ்வொரு பிரசவத்துக்கும் ஒரு வரி. அதில் தாயின் நிறைவடைந்த வயது, ஜி-பி-ஏ-எல், முந்தைய பிரசவத் தேதி, வாரம், வாரம் எதிலிருந்து எடுத்தது, ஒற்றையா இரட்டையா, ஆணா பெண்ணா, எடை கிராமில், ஹீமோகுளோபின் எந்த வாரத்தில் எவ்வளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, வேறு இடத்திலிருந்து அனுப்பப்பட்டவரா என்ற பத்திகள் இருக்கட்டும். பெயரும் பிக்மி எண்ணும் (தமிழ்நாட்டில் கர்ப்பிணிக்குத் தரும் பதிவு எண்) ஆய்வுத் தாளில் வரக் கூடாது. கல்லூரியின் நெறிமுறைக் குழு அனுமதி கிடைப்பதற்கு முன் பதிவேட்டைத் தொடவும் கூடாது.

இரட்டையரையும், இறந்து பிறந்தவரையும், பிறவிக் குறை உள்ளவரையும் தனித் தாளில் வையுங்கள். வயதை 19 வரை, 20–24, 25–29, 30–34, 35ம் அதற்கு மேலும் எனப் பிரியுங்கள். முந்தைய பிரசவத்தை 0, 1, 2, 3ம் அதற்கு மேலும் எனப் பிரியுங்கள். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைகள்தான் (தேசிய குடும்பநல ஆய்வு, 2019–21) என்பதால் கடைசிக் கட்டங்களில் ஆள் இருக்க மாட்டார்கள். ஒரு கட்டத்தில் 20 பேருக்குக் குறைவு என்றால் பக்கத்துக் கட்டத்தோடு சேர்த்துவிடுங்கள். ஐந்து பேரை வைத்துச் சதவீதம் போட்டால் ஒரு குழந்தை 20 சதவீதத்தைத் தூக்கிவிடும். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு எண் எழுதுங்கள்: சராசரி எடை, 2,500 கிராமுக்குக் கீழே எத்தனை சதவீதம். முன்பு சொன்ன 35க்கு மேற்பட்டோர் சிக்கல் இரண்டாவது எண்ணில்தான் தெரியும்.

வயதையும் பிரசவத்தையும் ஏன் பிரித்தே ஆக வேண்டும்? கற்பனையாக ஒரு கணக்கு. இளையோர் 50 பேரில் 40 பேருக்குத் தலைப்பிரசவம், 10 பேருக்கு இரண்டாவது. 25–29 வயதினர் 50 பேரில் 20 பேருக்குத் தலைப்பிரசவம், 30 பேருக்கு இரண்டாவது. எந்த வயதானாலும் முதல் குழந்தை 2,750 கிராம், இரண்டாவது 2,900 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதாவது வயதுக்கு எந்தப் பங்கும் இல்லை. இளையோரின் சராசரி 2,780 வரும், மற்றவர்களுடையது 2,840 வரும். 60 கிராம் வித்தியாசம் வயதால் வந்ததுபோலத் தெரியும். வந்தது தலைப்பிரசவங்களின் எண்ணிக்கையால். வயதை மட்டும் வைத்து எழுதிய ஆய்வேடுகள் பலவற்றின் முடிவு இந்த இடத்தில்தான் உதிர்ந்துவிடும்.

புள்ளியியல் சரிசெய்தல் (மற்றக் காரணங்களின் பங்கைக் கழித்துப் பார்ப்பது) செய்கிறவர்கள் வாரத்தையும் அந்தக் கணக்குக்குள் சேர்த்துவிட்டால், குறைப்பிரசவம் வழியாக வரும் வயதின் பாதிப்பு மறைந்துபோகும். வாரத்தோடு ஒரு முறை, வாரமில்லாமல் ஒரு முறை போட்டு இரண்டையும் காட்டுங்கள்.

எந்த மருத்துவமனைப் பதிவேடு என்பதும் முடிவை மாற்றும். ஜிப்மரிலோ, எல்லைப்பிள்ளைச்சாவடி மகளிர், குழந்தைகள் மருத்துவமனையிலோ பிரசவிக்கும் 35 வயதுக்காரர்களில் பலர் சிக்கல் வந்த பிறகு விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் அனுப்பப்பட்டவர்கள். சிக்கலில்லாத 35 வயதுக்காரர் உள்ளூரிலேயே பெற்றுக்கொள்வார். அனுப்பப்பட்டவர்களைத் தனியாகப் பிரிக்காவிட்டால் வயது உள்ளதைவிடப் பெரிய பூதமாகத் தெரியும்.

கர்ப்ப காலத்தில் என்ன செய்வது

வயதையும் பிரசவ எண்ணிக்கையையும் பாதியில் மாற்ற முடியாது. அவை யாரை அடிக்கடி பார்க்க வேண்டும் என்று காட்டும், அவ்வளவுதான். 12 வாரத்துக்குள் பதிவு எல்லோருக்கும் பொது. நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒரு இரும்பு–ஃபோலிக் மாத்திரை (இரும்பு 60 மில்லிகிராம், ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராம்), குறைந்தது 180 நாள். கால்சியம் மாத்திரையை இதோடு சேர்த்துப் போடக் கூடாது. இரண்டு மணி நேரமாவது தள்ளிப் போட வேண்டும். டீ குடித்த கையோடு இரும்பு மாத்திரை போட்டால் உடம்பில் சேர்வது குறையும். ஹீமோகுளோபின் 11க்குக் கீழே என்றால் ரத்தசோகை, 7க்குக் கீழே என்றால் பெரிய மருத்துவமனை.

19 வயதுக்குட்பட்டவர்களுக்கும் மெலிந்தவர்களுக்கும் எடை ஏற்றம்தான் முதல் கவனிப்பு. இயல்பான உடல்வாகு உள்ளவருக்கு மொத்தம் 10 முதல் 12 கிலோ ஏற வேண்டும். மெலிந்தவருக்கு இன்னும் கூட. இரண்டு மாதம் தொடர்ந்து எடை ஏறவில்லை என்றால் கருப்பை உயரத்தை அளந்து மருத்துவரிடம் காட்டுங்கள். "நெறைய சாப்பிட்டா குழந்தை பெருசாகி ஆப்பரேஷன் ஆயிடும்" என்று கடைசி மாதங்களில் சோற்றைக் குறைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. குழந்தையின் எடை வேகமாக ஏறும் மாதங்கள் அவை. அங்கன்வாடிச் சத்துமாவு, மத்தி அல்லது நெத்திலி, முட்டை, வேர்க்கடலை, முருங்கைக்கீரை இருந்தால் போதும். விலை கூடிய புரத மாவு டப்பா அவசியமில்லை.

தலைப்பிரசவக்காரர்களுக்கு ஒவ்வொரு முறையும் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். 140/90ஐத் தொட்டாலோ, தலைவலி, கண் மங்கல், முகவீக்கம் வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனை. 35க்கு மேல் தலைப்பிரசவம் என்றால் குறைந்த அளவு ஆஸ்பிரின் தேவையா என்று 16 வாரத்துக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். தானாக வாங்கிப் போடக் கூடாது. சர்க்கரைக்கு 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனை முதல் வருகையிலும் 24–28 வாரத்திலும் வேண்டும். 140ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. முதல் சோதனை சரியாக இருந்தது என்று இரண்டாவதை விடுவதுதான் இங்கே நடக்கும் தவறு.

வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போகும்போது கவனிப்பு அறுந்துபோவது தலைப்பிரசவத்துக்கே உரிய சிக்கல். பாகூரில் வாழ்க்கைப்பட்ட பெண் நெல்லிக்குப்பத்துக்கு வந்தால் மாநிலமே மாறிவிடுகிறது. தமிழ்நாட்டுப் பக்கம் பிறப்பைப் பதிய பிக்மி எண் கேட்பார்கள். புதுச்சேரிப் பக்கத்து அட்டையில் அது இருக்காது. வளையல் அடுக்கும் வாரத்திலேயே அம்மா வீட்டுப் பகுதிச் செவிலியரிடம் பதிந்து, அட்டை, ஸ்கேன், ரத்தப் பரிசோதனைத் தாள்களை ஒரே பையில் போட்டு அனுப்புங்கள்.

எடை குறைந்து பிறந்த பிறகு

1,800 கிராமுக்குக் கீழே, அல்லது எந்த எடையானாலும் பால் உறிஞ்ச முடியாமல், மூச்சு வேகமாக, உடம்பு சில்லிட்டு இருந்தால் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு வேண்டும். மற்றபடி 2,500க்குக் கீழே உள்ள எல்லாக் குழந்தைக்கும் கங்காரு முறையில் தோலோடு தோலாக அணைத்து வைப்பதே முதல் மருந்து. நாளுக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல், முடிந்தால் அதற்கும் மேல். அம்மா சாப்பிடும்போது அப்பாவோ பாட்டியோ அணைத்துக்கொள்ளலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, தூங்கினாலும் எழுப்பித் தாய்ப்பால். தலைக்குக் குல்லா. எண்ணெய்க் குளியலும் சாம்பிராணிப் புகையும் இந்தக் குழந்தைகளுக்கு வேண்டாம். குளிப்பாட்டினால் சூடு இறங்கும், புகை மூச்சை அடைக்கும்.

முதல் வாரத்துக்குப் பிறகு நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். ஒரே தராசில், ஒரே நேரத்தில், துணியில்லாமல் பாருங்கள். நிறைமாதக் குழந்தை 14ஆம் நாளிலும் பிறப்பு எடைக்குத் திரும்பவில்லை என்றால் புட்டிப்பாலுக்குத் தாவுவதற்கு முன் பால் கொடுக்கும் விதத்தைப் பாருங்கள். பெரும்பாலும் காம்பை மட்டும் கவ்விக்கொண்டிருக்கும். வீடு திரும்பும் முன் அடுத்த கர்ப்பத்துக்கான இடைவெளியைப் பேசிவிட வேண்டும். பிரசவமான 48 மணி நேரத்துக்குள் காப்பர்-டி வைத்துக்கொள்ளலாம். அது தாய்ப்பாலைக் குறைக்காது. தாயின் அட்டையில் இந்தக் குழந்தையின் வாரமும் எடையும் பக்கத்துப் பக்கத்தில் மையால் எழுதப்பட்டிருக்கட்டும். அடுத்த முறை எந்த ஊரில் பதிந்தாலும் முதலில் கேட்கப்படுவது அந்த இரண்டு எண்கள்தான்.